அரண்மனைக்குள் நோய்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக வாசகர் வட்டம், பள்ளி ஆண்டு விழா, பாரதக் கூத்துத் திடலை ஒட்டிய டீக்கடை என்று எங்கே உட்கார்ந்து வரலாறு பேசினாலும், கடைசியில் பேச்சு ராஜாக்களின் நோய்நொடியில் வந்து நிற்கிறது. அப்படி வந்த கேள்விகளைப் பதிலோடு சேர்த்து இங்கே தந்திருக்கிறேன். தகடூர் (நம் தருமபுரியின் பழைய பெயர்) கதையும் ஐரோப்பாக் கதையும் கலந்துதான் வரும். கேட்டவர்கள் அப்படித்தான் கேட்டார்கள்.

ராஜாக்களுக்கு மட்டும் ஏன் இத்தனை நோய்?

அவர்களுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. உழவர் வீட்டுப் பிள்ளை நான்கு வயதுவரை பேசவில்லை என்றால் அதை எழுதிவைக்க ஆள் கிடையாது. இளவரசன் பேசவில்லை என்றால் வைத்தியர் குறித்துக்கொள்வார், வெளிநாட்டுத் தூதர் தன் ராஜாவுக்குக் கடிதம் போடுவார், பக்கத்து நாட்டான் அடுத்த பட்டம் யாருக்கு என்று கணக்குப் போடுவான். அந்தக் காகிதமெல்லாம் மிஞ்சியிருப்பதால் நமக்குத் தெரிகிறது.

ஆனால் அரண்மனைக்கென்று இரண்டு சங்கடங்கள் கூடுதலாக உண்டு. ஒன்று, சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம். இன்னொன்று, நோயை வெளியே சொல்ல முடியாத நிலை. இந்த இரண்டாவதுதான் நோயைவிட அதிகக் கேடு செய்திருக்கிறது என்பது என் எண்ணம். கீழே வரும் பதில்களைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதியமான் காலத்தில் நோயில் இறந்த அரசனை எப்படி அடக்கம் செய்தார்கள்?

வாளால் பிளந்து அடக்கம் செய்தார்கள். இதைச் சொல்கிற பாட்டே நம் ஊர்க்காரனைப் பற்றியது. அதியமான் நெடுமான் அஞ்சி போரில் விழுப்புண் பட்டு நிற்கும்போது ஔவையார் பாடியது, புறநானூற்றில் 93-ஆம் பாட்டு. போர்க்களத்தில் சாகாமல் நோயில் செத்துப்போன மன்னரின் உடலைப் பச்சைப் புல்லைப் பரப்பி அதன்மேல் கிடத்துவார்கள். மறை ஓதியவர்கள், ‘போரில் விழுந்த வீரர்கள் போகும் இடத்துக்கே நீயும் போ’ என்று சொல்லி வாளால் பிளப்பார்கள். அதன் பிறகுதான் அடக்கம். உன்னோடு மோதிச் செத்த அற்ப மன்னர்கள்கூட அந்த அவமானத்திலிருந்து தப்பித்துக்கொண்டார்கள், ஏனென்றால் நீதான் அவர்களைக் களத்திலேயே கொன்றுவிட்டாயே என்று ஔவையார் சொல்கிறார். பாராட்டுதான், ஆனால் கேட்கிறவன் உடம்பு சிலிர்க்கிற பாராட்டு.

இதற்குத் துணையாக 74-ஆம் பாட்டு இருக்கிறது. சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடிக்கத் தண்ணீர் கேட்டுக் காத்துக் கிடந்து, அது வந்தபோது குடிக்காமல் பாடியதாகச் சொல்லப்படுவது. ‘குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும் ஆள்அன்று என்று வாளின் தப்பார்’ என்று தொடங்கும். குழந்தை செத்துப் பிறந்தாலும் சரி, உருவமில்லாத சதைப் பிண்டமாகப் பிறந்தாலும் சரி, எங்கள் குடியில் வாளால் வெட்டாமல் விடமாட்டார்கள் என்கிறான். குறையோடு பிறந்த பிள்ளை அரச வீட்டில் என்ன ஆனது என்பதற்குத் தமிழில் இருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் இது ஒன்று. வீரத்துக்கு எடுத்துக்காட்டாக மேடையில் முழங்குகிறோம். அந்தப் பிள்ளையின் தாயை நினைத்தால் அவ்வளவு சத்தமாக முழங்க வராது.

நெல்லிக்கனிக் கதையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். சாவைத் தள்ளிப்போடும் கனி என்பதை அதியமான் தன் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஔவைக்குக் கொடுத்துவிட்டான் என்று 91-ஆம் பாட்டு சொல்கிறது. முதுமையில் நோயில் படுத்துச் சாவதை இழிவாக நினைத்த உலகம் அது. அந்த உலகத்து அரசனுக்கு நீண்ட ஆயுள் எந்த அளவுக்கு வேண்டியிருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கடைசியில் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்மேல் படையெடுத்து வந்தான். கோட்டை விழுந்தது.

கூன் பாண்டியன் கதை உண்மையா?

பெரிய புராணம் சொல்வது இது: பாண்டியனுக்கு வெப்பு நோய் வந்தது. சமணத் துறவிகளால் தணிக்க முடியவில்லை. அரசி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தரை அழைத்தார்கள். அவர் ‘மந்திரமாவது நீறு’ என்று பாடித் திருநீறு பூச, சுரம் தணிந்தது. அப்புறம் கூனும் நிமிர்ந்து ‘நின்றசீர் நெடுமாறன்’ ஆனான். ஆய்வாளர்கள் இவனை 7-ஆம் நூற்றாண்டின் அரிகேசரி மாறவர்மன் என்கிறார்கள். சமயம் மாறிய அரசனின் கதை என்பதால் உடம்பு நிமிர்ந்ததும் மனம் நிமிர்ந்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எது எதுவரை என்று பிரிக்க முடியாது.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிர்மாதிரி ஒன்று நடந்தது. 1485-இல் போரில் கொல்லப்பட்ட மூன்றாம் ரிச்சர்டைக் கூனன், கொடியவன் என்று அடுத்து வந்த வம்சம் எழுதி வைத்தது. அதெல்லாம் பகைவர் கட்டிவிட்ட கதை என்று பலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2012-இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது அவன் எலும்புக்கூடே கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. கூன் கிடையாது, சட்டையும் கவசமும் போட்டால் ஒரு தோள் கொஞ்சம் உயரமாகத் தெரியும், அவ்வளவுதான். அதோடு அவன் குதிரையேறிப் போர் செய்திருக்கிறான்.

நம் பக்கம் இன்னும் இரண்டு பேர்: தீயில் கால் கருகியதால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் கரிகாலன், தவறு செய்த கையைத் தானே வெட்டிக்கொண்டு பொன்னால் கை செய்து பூட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியன். இரண்டும் கதைகளாக வந்தவை. ஆனாலும் உறுப்பு இழந்த அரசனைக் கேவலமாகப் பார்க்காமல் பெயரிலேயே வைத்துப் போற்றியிருக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

அரண்மனையில் கூனரும் குள்ளரும் வேலை பார்த்தார்களாமே?

ஆமாம். கண்ணகி நீதி கேட்டு வரும் நாளில், பாண்டியன் தேவி கெட்ட கனாக் கண்டு அரசனிடம் போகிறாள். அப்போது கூனும் குறளும் ஊமும் கூடிய குற்றேவல் இளைஞர் அவளைச் சூழ்ந்து போனதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ஸ்பெயின் அரண்மனையிலும் இதே வழக்கம். வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீட்டா நிற்பாள். வலது ஓரத்தில் குள்ளப் பணிப்பெண் ஒருத்தி நம்மை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த ஓவியத்தில் முகத்தில் முழு ஆளுமையோடு தெரிகிறவர்களில் அவளும் ஒருத்தி. மார்கரீட்டாவை மறந்துவிடாதீர்கள், கல்யாணக் கேள்வியில் மறுபடி வருகிறாள்.

திருதராஷ்டிரனுக்குக் கண் இல்லை என்று பட்டம் மறுத்தார்கள். அப்புறம் எப்படி அவனே ராஜா ஆனான்?

பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மூத்தவன் திருதராஷ்டிரன், பிறவியிலேயே பார்வை இல்லை. அதனால் இளையவன் பாண்டுவுக்கு முடி சூட்டினார்கள். பாண்டு சாபம் பெற்றுக் காட்டுக்குப் போனதும் நாட்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் அண்ணனே உட்கார்ந்தான். பட்டம் அவனுடையது இல்லை, அதிகாரம் மட்டும் அவனுடையது. துரியோதனன் கேட்ட நியாயமும் இதுதான்: என் அப்பனுக்குக் கண் இருந்திருந்தால் நான்தானே வாரிசு? பதினெட்டாம் நாள் படுகளத்தில் மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்தியிருக்கும் துரியோதனன் உருவத்தைச் சுற்றி ஊரே நிற்கும்போது, இந்தச் சண்டையின் வேர் ஒரு வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

அந்தக் குடும்பத்தில் இது முதல் முறையும் இல்லை. சந்தனுவின் அண்ணன் தேவாபிக்குத் தோல் நோய் இருந்ததால் அவனுக்கும் பட்டம் கிடைக்கவில்லை என்று மகாபாரதமே சொல்கிறது.

ஊனம் இருந்தால் சொத்தில் பங்கு கிடையாது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது அந்தப் பழைய வழக்கமா?

அதே வழக்கம்தான், அரண்மனையிலிருந்து குடிசைவரை வந்தது. பிறவிக் குருடர், செவிடர், ஊமை, சித்தம் கலங்கியவர் ஆகியோருக்குப் பங்கு இல்லை, சோறும் துணியும் மட்டும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்று மனு ஸ்மிருதி சொல்கிறது. வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றங்களும் இந்து சட்டம் என்ற பெயரில் இதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவந்தன. 1928-இல் வந்த சட்டம் பெரும்பாலான ஊனங்களை இந்தத் தடையிலிருந்து விடுவித்தது. பிறவியிலேயே மனநலம் குன்றியவர்களை மட்டும் விட்டுவிட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அதையும் அடித்துவிட்டது. நோய், குறை, ஊனம் எதைக் காட்டியும் வாரிசுரிமையைத் தடுக்க முடியாது.

ஆக, பாகப்பிரிவினை பேசும்போது ‘அவனுக்கு எதுக்குப் பங்கு, நாமதான் பார்த்துக்கறோமே’ என்று யாராவது சொன்னால், சட்டப்படி அது செல்லாது. இது இன்னும் சில வீடுகளில் நடக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ராஜாக்களும் அக்கா மகளைக் கட்டினார்களா?

கட்டினார்கள், போப்பாண்டவரிடம் தனி அனுமதி வாங்கிக்கொண்டு. ஸ்பெயின் அரசன் நான்காம் பிலிப், 1649-இல் தன் தங்கை மகள் மரியானாவைக் கட்டினான். அவளுக்கு வயது 14, மாமனுக்கு 44. முதலில் அவளைப் பேசியிருந்தது பிலிப்பின் மகனுக்கு. பையன் இறந்துபோனதால் அப்பனே மாப்பிள்ளை ஆனான். இவர்களுக்குப் பிறந்த மார்கரீட்டாவை, அந்த ஓவியத்துச் சிறுமியை, யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? மரியானாவின் தம்பி, ஆஸ்திரியாவை ஆண்ட புனித ரோமப் பேரரசன் லியோபோல்டுக்கு. மறுபடியும் தாய்மாமன். அவள் 21 வயதில் இறந்தாள்.

காரணமும் நம் ஊர்க் காரணம்தான். சொத்து வெளியே போகக்கூடாது, அந்தஸ்துக்குச் சமமான இடம் வேறு கிடையாது. 1516-இலிருந்து 1700வரை ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தில் நடந்த 11 கல்யாணங்களில் 9 நெருங்கிய சொந்தத்தில் நடந்தவை.

மார்கரீட்டாவின் தம்பிதான் இரண்டாம் சார்லஸ், 1661-இல் பிறந்தவன். நான்கு வயதுவரை பேச்சு வரவில்லை, எட்டு வயதுவரை சரியாக நடக்கவில்லை. கீழ்த்தாடை முன்னே துருத்தி நின்றதால் மெல்லுவதற்கே சிரமம். நான்கு வயது நிறைவதற்கு முன்பே ராஜா. இரண்டு கல்யாணம், பிள்ளை இல்லை. பேய் பிடித்திருக்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பி மந்திரித்தார்கள். ‘செய்வினைக்கு ஆளானவன்’ என்ற பட்டப்பெயரே நிலைத்தது. 1700 நவம்பர் 1-இல் 38 வயதில் செத்தான். வாரிசு இல்லாத அரியணைக்காக ஐரோப்பா முழுதும் பத்து வருஷத்துக்கு மேல் அடித்துக்கொண்டது.

2009-இல் ஸ்பெயின் மரபியலாளர்கள் அவன் குடும்ப மரத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஒரே மூதாதையின் மரபணு வந்து சேரும் வாய்ப்பைத்தான் உட்கலப்பு அளவு என்பார்கள். தாய்மாமன் உறவில் பிறக்கும் பிள்ளைக்கு அது 0.125. உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பெற்றால் 0.25. சார்லஸுக்கு வந்தது 0.254. அம்மா அப்பா மட்டும் காரணமில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்த தலைமுறைகள் எல்லாம் அவன் உடம்பில் வந்து சேர்ந்துவிட்டன. அந்தக் குடும்பத்தில் 1527-க்கும் 1661-க்கும் இடையில் பிறந்த 34 பிள்ளைகளில் பாதிப் பேர் பத்து வயதைத் தாண்டவில்லை. வைத்தியர் இல்லாத ஏழை வீடு இல்லை அது, ஐரோப்பாவிலேயே பணக்கார வீடு.

எங்கள் வீட்டில் தாய்மாமனுக்குத்தான் கொடுத்தார்கள், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அப்படியானால் பயம் வீணா?

ஒரு கல்யாணம் ஸ்பெயின் வம்சம் ஆகிவிடாது. சொந்தமில்லாத தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 100-க்கு 3 பேருக்குப் பிறவிக் கோளாறு இருக்கும் என்றால், அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது சுமார் இரண்டு மடங்கு. தாய்மாமன் உறவு அதைவிட நெருக்கம் என்பதால் ஆபத்தும் அதைவிட அதிகம். அப்படியும் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். அதனால்தான் ‘எங்க வீட்டுல ஒண்ணும் ஆகலையே’ என்று எல்லோரும் சொல்ல முடிகிறது.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தாத்தா பாட்டியும் சொந்தம், அப்பா அம்மாவும் சொந்தம், இப்போது பிள்ளைக்கும் சொந்தத்திலேயே பேசுகிறீர்கள் என்றால், அல்லது குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாமை, ரத்தக் கோளாறு, காரணம் தெரியாத குழந்தைச் சாவு இருந்தால், ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் மரபியல் ஆலோசனைக்குப் போய்வருவது நல்லது. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு போனால் யாரும் உண்மையைக் காதில் வாங்கமாட்டார்கள்.

ஹீமோபிலியாவை ஏன் ராஜ நோய் என்கிறார்கள்?

விக்டோரியா மகாராணி வழியாக மூன்று நாட்டு அரச குடும்பங்களுக்குப் போனதால். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் குறைவாக இருக்கும் நோய் இது. பெண்கள் பெரும்பாலும் நோயில்லாமல் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகளுக்கு வெளியே தெரியும். சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

விக்டோரியாவின் மகன் லியோபோல்டு 1884-இல் பிரான்சில் வழுக்கி விழுந்து 30 வயதில் இறந்தான். மகள்கள் ஆலிஸும் பீட்ரிஸும் சுமந்தவர்கள். ஆலிஸின் மகன் ஒருவன் இரண்டு வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து, அன்றைக்கே ரத்தக் கசிவில் போனான். ஆலிஸின் ஒரு மகள் வழியாக ஜெர்மனியிலும், இன்னொரு மகள் அலெக்சாண்ட்ரா வழியாக ரஷ்யாவிலும், பீட்ரிஸின் மகள் வழியாக ஸ்பெயினிலும் நோய் நுழைந்தது. ஸ்பெயின் இளவரசர்கள் கொன்சாலோவும் அல்போன்சோவும் 1934-இலும் 1938-இலும் கார் விபத்தில் அடிபட்டு ரத்தக் கசிவு நிற்காமல் இறந்தார்கள். மற்றவர்கள் அந்த மாதிரி விபத்தில் பிழைத்திருப்பார்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நோய்க்கு அது காரணமில்லை. விக்டோரியாவுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் இதன் தடயம் இல்லை. அவள் பிறந்தபோது அப்பாவுக்கு வயது 51, அங்கே புதிதாக ஏற்பட்ட மாற்றமாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. 2009-இல் ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளைச் சோதித்தபோது இது ஹீமோபிலியாவில் அரிதான ‘பி’ வகை என்று தெரிந்தது. இப்போதைய இங்கிலாந்து அரச வம்சம் விக்டோரியாவின் மூத்த மகன் ஏழாம் எட்வர்டு வழி. அவனுக்கு நோய் இல்லாததால் அவன் வழியில் அது இறங்கவில்லை.

ரஸ்புடின் ரத்தத்தை நிறுத்தினானா?

மேலே சொன்ன அலெக்சாண்ட்ராவின் மகன், ரஷ்ய இளவரசன் அலெக்சி 1904-இல் பிறந்தான். ஆறு வாரக் குழந்தையாக இருக்கும்போதே தொப்புளில் ரத்தம் கசிந்தது. அவன் ஓடும்போதெல்லாம் கூடவே ஓடிப் பிடிக்க ஒரு மாலுமியைப் போட்டிருந்தார்கள். 1912-இல் போலந்துக் காட்டு மாளிகையில் தொடையிலும் அடிவயிற்றிலும் ரத்தம் கட்டி, கடைசிச் சடங்குவரை போயிற்று. சைபீரியாவில் இருந்த ரஸ்புடின் என்ற சாமியாரிடமிருந்து தந்தி வந்தது: பையன் சாகமாட்டான், டாக்டர்கள் அவனை அதிகம் தொந்தரவு செய்ய வேண்டாம். பையன் தேறினான். டாக்டர்களைத் தள்ளி வைத்ததே நல்லதாகப் போயிருக்கலாம் என்கிறார்கள் சிலர். அந்தக் காலத்தில் வலிக்கு ஆஸ்பிரின் தரும் பழக்கம் வந்துவிட்டது, அது ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

ஆனால் விஷயம் அதில் இல்லை. வாரிசுக்கு என்ன நோய் என்று நாட்டுக்குச் சொல்லவே இல்லை. அதனால் அழுக்கு அங்கி போட்ட இந்தச் சாமியார் ராணியின் மாளிகைக்கு ஏன் போய்வருகிறான் என்று ஜனங்களுக்குப் புரியவில்லை. புரியாத இடத்தில் வம்பு முளைத்தது, போர்க்காலத்தில் அது ராஜ துரோகப் பேச்சாக வளர்ந்தது. ‘என் பிள்ளைக்கு ரத்தம் நிற்காத வியாதி’ என்று அந்தத் தாய் ஒருமுறை சொல்லியிருந்தால் பாதி நாடாவது இரக்கப்பட்டிருக்கும். புரட்சி நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. வெறுப்பு அந்த அளவுக்கு ஏறியிருக்காது.

இந்த நோய் நம் மாவட்டத்திலும் இருக்கிறதா?

இருக்கிறது. ‘ஏ’ வகை சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும். ராஜா வீடு, கூலி வீடு என்று பார்க்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் என்ற ரத்த நோய்கள் மூன்றும் உண்டு. குறைகிற அந்தப் புரதத்தை ஏற்றும் உறைகாரணி ஊசி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம். அலெக்சிக்குக் கிடைக்காதது அது.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பல் காவி. அதுவும் பரம்பரை நோய்தானே?

பெரும்பாலும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் வயதில் பல்லில் காவி ஏறும். இன்னும் அதிகமாகப் பல வருஷம் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். தாத்தாவும் பேரனும் ஒரே கிணற்றில் குடித்தால் ஒரே பல்தான் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இதற்காகத்தான். வெளியூரில் வளர்ந்த உங்கள் சித்தப்பா பிள்ளைகளின் பல்லைப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது.

நம் ஜில்லா கம்பெனி கைக்குப் போனபோது லண்டனில் இருந்த ராஜாவுக்குப் பைத்தியமா?

நடுவில் நன்றாக இருந்த காலம் அது. மூன்றாம் ஜார்ஜ் 1760-இல் பட்டத்துக்கு வந்தான். 1788 கடைசியில் முதல் பெரிய தாக்குதல்: மணிக்கணக்கில் ஓயாத பேச்சு, தூக்கமில்லை, வாயில் நுரை தள்ளுமளவு ஆவேசம். கைகால் அசையாதபடி இறுக்கும் சட்டையை ராஜாவுக்கே மாட்டினார்கள். சில மாதத்தில் தெளிந்துவிட்டான். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு நம் பகுதியான பாரமகாலை விட்டுக்கொடுத்தபோது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளக்க வந்தபோது, ராஜா தெளிவாகத்தான் இருந்தான். 1811-க்குப் பிறகு மீளவில்லை. கண்ணும் காதும் போய், 1820-இல் இறந்தான்.

போர்பிரியா என்ற ரத்தம் சார்ந்த பரம்பரை நோய் என்று 1960-களில் ஒரு கருத்து வந்து பாடப்புத்தகம்வரை போனது. இப்போது பலரும் அதை ஏற்பதில்லை. மனவெழுச்சி நோய் என்பதே பொருந்துகிறது என்கிறார்கள். அந்த முதல் கருத்துக்கு ஏன் அவ்வளவு வரவேற்பு? ராஜாவுக்கு ‘மூளைக்கோளாறு’ என்பதைவிட ‘ரத்தக் கோளாறு’ என்பது கௌரவமாக இருந்தது என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஹைதர் அலி எப்படி இறந்தார்?

முதுகில் ராஜபிளவை என்ற பெரிய கட்டி. 1782 டிசம்பரில் சித்தூர்ப் பக்கம் படை முகாமிலேயே இறந்தார். திப்பு மலபார்ப் பக்கம் போரில் இருந்தார். சேதி தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று மந்திரிகள் சாவை மறைத்தார்கள். உடலை ரகசியமாக அனுப்பிவிட்டு, ஹைதர் உயிரோடு இருப்பதுபோலவே முகாமை நடத்தினார்கள். திப்பு வந்து பொறுப்பேற்ற பிறகுதான் முறையாக வெளியே தெரிந்தது. மறைத்தது பலன் தந்த ஒரே சம்பவம் இந்தப் பட்டியலில் இதுதான், அதுவும் சில வாரத்துக்கு.

ஊனத்தை மறைத்தே வாழ்ந்தவர்கள் யார் யார்?

ஜெர்மனியின் இரண்டாம் வில்ஹெல்ம், விக்டோரியாவின் மூத்த பேரன். 1859-இல் தலைகீழாக இருந்த பிரசவத்தில் இடக்கை நரம்பு அறுந்தது. கை சுமார் 15 செ.மீ. குட்டையாகவே நின்றுவிட்டது. அப்போதுதான் கொன்ற முயலின் உடலைச் சூட்டோடு கையில் சுற்றினார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள், கழுத்தை நிமிர்த்த இரும்புக் கருவி மாட்டினார்கள். அவன் போட்டோ எதை எடுத்துப் பார்த்தாலும் இடக்கை ஒரு கையுறையைப் பிடித்தபடியோ வாள் பிடியில் ஊன்றியோ இருக்கும். முதல் உலகப் போரையே அந்தக் கையில் கட்டித் தொங்கவிடுகிற எழுத்தாளர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கை குட்டையானவர்கள் எல்லாம் போருக்குப் போவதில்லை.

இங்கிலாந்தில் ஐந்தாம் ஜார்ஜின் கடைசி மகன் ஜானுக்கு வலிப்பு. 11 வயதுக்கு மேல் தனிப் பண்ணை வீட்டில் தாதியோடு வைத்து வளர்த்தார்கள். 1919-இல் 13 வயதில் இறந்தான். இன்னும் வருத்தமானது, இரண்டாம் எலிசபெத்தின் தாய்வழிச் சொந்தம், நெரிசா, கேத்தரின் என்ற அக்கா தங்கை. மனவளர்ச்சிக் குறை உள்ள இருவரையும் 1941-இல் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். 1963-இல் வந்த பிரபுக்கள் குடும்பப் பதிவேட்டில் இருவரும் இறந்துவிட்டதாக அச்சாகியிருந்தது. நெரிசா உண்மையில் இறந்தது 1986-இல், கேத்தரின் 2014-இல்.

ஊனத்தோடு நல்லபடியாக ஆண்டவர்கள் இல்லையா?

நிறைய. ஜெருசலேமின் நான்காம் பால்ட்வின் சிறுவனாக இருந்தபோது, விளையாட்டில் பையன்கள் கையைக் கிள்ளினால் இவன் மட்டும் கத்தவில்லை. பொறுமைசாலி என்று முதலில் நினைத்த ஆசிரியர் வில்லியம், அப்புறம் அந்தக் கைக்கு உணர்ச்சியே இல்லை என்று கண்டுபிடித்தார். தொழுநோய். 13 வயதில் பட்டம், 16 வயதில் எகிப்து சுல்தான் சலாவுதீனை ஒரு போரில் தோற்கடித்தான். பின்னாளில் கண்ணும் காலும் போய்ப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போனார்கள். 1185-இல் சாகும்வரை பட்டத்தில் இருந்தான். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே வைத்த காலம் அது.

பஞ்சாபின் ரஞ்சித் சிங்குக்குச் சின்ன வயதில் அம்மையில் ஒரு கண் போனது. மேவாரின் ராணா சங்காவுக்கு ஒரு கண் இல்லை, ஒரு கை இல்லை, காலும் ஊனம். 1527-இல் பாபரை எதிர்த்து நின்றார். ரோமின் கிளாடியஸ் காலை இழுத்து நடப்பான், நாக்குக் குழறும். அவன் குடும்பமே அவனைப் பொதுமேடையில் ஏற்ற வெட்கப்பட்டது. கடைசியில் வேறு ஆளில்லாமல் கி.பி. 41-இல் அரியணையில் உட்காரவைக்க, 13 வருஷம் ஆண்டான்.

அம்மை ராஜா வீட்டுக்கும் வந்ததா?

பிரான்சின் பதினைந்தாம் லூயி 1774-இல் அம்மையில்தான் போனான். ரஷ்யாவின் கேத்தரின் 1768-இலேயே இங்கிலாந்திலிருந்து வைத்தியரை வரவழைத்துத் தானே முதலில் அம்மைப் பால் குத்திக்கொண்டாள். நமக்குப் பக்கத்தில் மைசூரில், 1805-இல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில் மூன்று அரச குலப் பெண்கள் நிற்கிறார்கள். இளையவள் சேலைத் தலைப்பை ஒதுக்கி இடது மேல்கையைக் காட்டுகிறாள். புதிதாக வந்திருந்த தடுப்பூசியைக் குத்திக்கொண்ட இடம் அது, ஜனங்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று வரைந்தது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அந்தக் காலத்து அரண்மனைப் பெண் ஓவியனுக்கு முன்னால் கையைத் திறந்து காட்டுவது லேசான காரியம் இல்லை.

இப்போதாவது நோயை வெளியே சொல்கிறார்களா?

ஓரளவு. இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜுக்கு 1951-இல் ஒரு நுரையீரலையே எடுத்தார்கள். புற்றுநோய் என்று நாட்டுக்கும் சொல்லவில்லை, அவருக்கே சொல்லவில்லை. அவருடைய பேரன் மூன்றாம் சார்லஸ் 2024 பிப்ரவரியில் தனக்குப் புற்றுநோய் என்று தானே அறிவித்தார், எந்த வகை என்பதை மட்டும் சொல்லாமல்.

இதையெல்லாம் நேரில் பார்க்க இந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறதா?

அதியமான்கோட்டையில் அதியமான் கோட்டம் இருக்கிறது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் உண்டு. புறநானூறு 93-ஐப் படித்துவிட்டுப் போனால், களத்தில் செத்தவனுக்கு மட்டும் ஏன் கல் என்று புரியும். கிருஷ்ணகிரிக் கோட்டைக்குச் சையத் பாஷா மலையில் ஏற வேண்டும், காலையிலேயே போய்விடுங்கள். ஹைதரும் திப்புவும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரே கும்பஸின் (கல்லறை மாடத்தின்) கீழ் இருக்கிறார்கள். ஓசூர், பெங்களூரு வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.